மெட்ஃபார்மினில் என்டிஎம்ஏ: முகடு 8 பிபிஎம் விலகி நிற்கிறது, இதை ஏற்கலாமா?

துலாக்கோல் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நைட்ரோசோடைமெத்தில்அமீன், அதாவது நாம் என்டிஎம்ஏ என்று சுருக்கி அழைக்கும், புற்றுநோய் உண்டாக்கக்கூடிய மாசு, மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரைகளில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் பொறுப்பு ஆறு வாரங்களுக்கு முன் என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரு நாளைக்கு ஒருவர் உட்கொள்ளத்தக்க என்டிஎம்ஏ 96 நானோகிராம் என்பதையும், மெட்ஃபார்மினின் உச்ச அளவு நாளொன்றுக்கு 2.55 கிராம் என்பதையும் வைத்துக் கணக்கிட்டால், மருந்தில் 0.038 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 0.038 பங்கு) என்ற வரம்பு கிடைக்கிறது.

எங்களிடம் உள்ளது ஆர்பிட்ராப் வகை உயர் பகுதிறன் நிறை நிறமாலைமானி. திரவ வண்ணப்பிரிகையோடு இணைத்து, பகுதிறனை, அதாவது அருகருகே உள்ள நிறைகளைப் பிரித்துக் காணும் திறனை, எம்/இசட் (நிறைக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள விகிதம்) 200-இல் 17,500 என வைத்து ஓட்டுகிறேன். பூச்சிக்கொல்லி எச்சங்களுக்காக எங்கள் ஆய்வகத்தில் ஏற்கெனவே இருந்த செய்முறையிலிருந்து இந்த அமைப்பை எடுத்துக்கொண்டேன். என்டிஎம்ஏவின் புரோட்டான் ஏற்ற அயனிக்குரிய நிறை 75.0553. முகடு இந்த நிறையிலிருந்து 10 பிபிஎம் வரை விலகினாலும் ஏற்குமாறு மென்பொருளில் அமைத்திருக்கிறேன் (இங்கே பிபிஎம் என்பது மாசின் அளவு அல்ல, நிறையில் உள்ள வேறுபாடு).

கடைசியாக மூன்று தொகுப்புகளை அளந்தேன். தொகுப்பு அ 0.061 பிபிஎம், தொகுப்பு ஆ 0.012 பிபிஎம், தொகுப்பு இ கண்டறியப்படவில்லை. தொகுப்பு அ வரம்பை மீறுகிறது. ஆனால் அதன் முகடு 75.0559-இல், அதாவது 8 பிபிஎம் தள்ளி நிற்கிறது. மென்பொருள் ஏற்றுக்கொண்டுவிட்டது, மீட்பு விகிதமும் 97 விழுக்காடு. இருந்தும் அறிக்கையில் கையெழுத்திட எனக்கு மனம் வரவில்லை. இந்த விலகலைப் பொருட்படுத்த வேண்டுமா, விட்டுவிடலாமா?

வடிகட்டி

வணக்கம். நான் குடிநீர் மாதிரிகளைப் பார்ப்பவள், எங்களிடம் கியூ-டாஃப் என்ற வேறு வகை நிறை நிறமாலைமானி இருக்கிறது. என் முதல் ஐயம் நிறை அளவுத்திருத்தத்தின் மீதுதான் விழுகிறது. அளவுத்திருத்தக் கரைசலில் உள்ள அயனிகள் பெரும்பாலும் எம்/இசட் 100-க்கு மேலேயே இருக்கும். அதற்குக் கீழே உள்ள பகுதிக்குக் கருவி தன் கோட்டை நீட்டி ஊகிக்கிறது, அங்கே 5 முதல் 10 பிபிஎம் வரை விலகுவதை நானே பலமுறை கண்டிருக்கிறேன். சிறிய நிறைக்குரிய அயனி ஒன்றைச் சேர்த்துத் திருத்திப் பார்த்தீர்களா?

துலாக்கோல்

பார்த்தேன் அம்மா. அதே ஓட்டத்தில், தொகுப்பு அ-வுக்கு முன்னும் பின்னும் செலுத்திய நியமக் கரைசல்களில் என்டிஎம்ஏ 75.0553-லேயே நிற்கிறது, ஒரு பிபிஎம்கூட நகரவில்லை. ஒப்பீட்டுக்கான உள்நியமமாக மாதிரிக்குள் நான் சேர்த்திருக்கும், டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றிய என்டிஎம்ஏவும் 81.0929 என்ற தனக்குரிய இடத்திலேயே வருகிறது. தொகுப்பு அ-வில் இயல்பான என்டிஎம்ஏவின் முகடு மட்டுமே நகர்ந்திருக்கிறது.

படிகநீர்

நண்பரே, கையெழுத்திடாமல் நிறுத்தியது சரியான முடிவு. கருவி முழுவதும் சரியாக இருக்கும்போது ஒரே ஒரு முகடு மட்டும் நகர்கிறது என்றால், அந்த முகட்டுக்குள் இரண்டு பொருள்கள் இருக்கின்றன என்றே முதலில் கருத வேண்டும். உங்கள் விஷயத்தில் இரண்டாவது பொருள் எது என்பதை ஏறத்தாழ உறுதியாகவே சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன்: டைமெத்தில்ஃபார்மமைடு, அதாவது டிஎம்எஃப் என்ற கரைப்பான்.

டிஎம்எஃப்பின் புரோட்டான் ஏற்ற அயனி 74.0600. நாம் பார்க்கும் 75-இலிருந்து ஒரு முழு அலகு கீழே இருப்பதால், அதற்கும் நமக்கும் தொடர்பில்லை என்று தோன்றும். ஆனால் இயற்கையில் உள்ள நைட்ரஜனில் சுமார் 0.37 விழுக்காடு நைட்ரஜன்-15 ஐசோடோப்பு. அது அமர்ந்த டிஎம்எஃப் மூலக்கூறு 75.0571-இல் வருகிறது. என்டிஎம்ஏவுக்கும் இதற்கும் உள்ள இடைவெளி 0.0018 மட்டுமே, அதாவது ஏறத்தாழ 24 பிபிஎம். கார்பன்-13 அமர்ந்த டிஎம்எஃப் 75.0634-இல் வரும். அது 108 பிபிஎம் தொலைவில் இருப்பதால் அவ்வளவாகத் தொல்லை தராது.

இந்த 24 பிபிஎம் இடைவெளியில் உள்ள இரண்டு முகடுகளைப் பிரித்துக் காண வேண்டுமானால், எம்/இசட் 75-இல் குறைந்தது 42,000 பகுதிறன் வேண்டும். ஆர்பிட்ராப்பில் பகுதிறன் நிறையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும் என்பதால், 200-இல் 17,500 என்று நீங்கள் வைத்தது 75-இல் சுமார் 28,600 ஆகிறது. போதாது. ஆகவே கருவி இரண்டையும் ஒரே மேடாக வரைந்து, அந்த மேட்டின் நடுப்புள்ளியை எண்ணாகத் தருகிறது. அந்த நடுப்புள்ளி 24-இல் 8 பிபிஎம் நகர்ந்திருக்கிறது என்றால், மேட்டில் மூன்றில் ஒரு பங்கு டிஎம்எஃப்புக்குரியது. 0.061-இல் மூன்றில் இரண்டு பங்கு 0.041. இது தோராயக் கணக்குதான். ஃபூரியே உருமாற்றம் செய்யும் கருவிகளில் பிரியாத முகடுகள் எளிய கூட்டலாக நடந்துகொள்வதில்லை, ஆகவே இந்த எண்ணை அறிக்கையில் எழுதிவிட வேண்டாம்.

உடனே செய்யக்கூடிய சோதனைகள் இரண்டு உண்டு. முதலாவது, உங்கள் கோப்பில் 75.0634-ஐ எடுத்து வரைந்து பாருங்கள். டிஎம்எஃப்பில் கார்பன் மூன்று, ஒவ்வொன்றிலும் 1.1 விழுக்காடு கார்பன்-13. ஆகவே அந்த முகடு நைட்ரஜன்-15 முகட்டைப்போல் சுமார் 9 மடங்கு உயரம் இருக்கும். அந்த உயரத்தை 9-ஆல் வகுத்தால், என்டிஎம்ஏவாக வேடமிடுவது எவ்வளவு என்று தெரிந்துவிடும். நீங்கள் 75-ஐச் சுற்றி மட்டும் குறுகிய சாளரம் வைத்து அளந்திருந்தால் 74.0600 உங்கள் கண்ணிலேயே பட்டிருக்காது, ஆனால் 75.0634 கட்டாயம் உள்ளே இருக்கும். இரண்டாவது, முகட்டின் முன் ஓரத்திலும் உச்சியிலும் பின் ஓரத்திலும் நிறையைத் தனித்தனியே படியுங்கள். ஒரே பொருள் என்றால் எங்கும் ஒரே எண்தான் வரும். இரண்டு பொருள்கள் சிறிது முன்பின்னாக வெளிவருகின்றன என்றால், ஓரத்துக்கு ஓரம் எண் மாறிக்கொண்டே செல்லும்.

கரைப்பான்

டிஎம்எஃப் எங்கிருந்து வருகிறது என்பதைத் தயாரிப்புப் பக்கத்தில் இருப்பவன் என்ற முறையில் சொல்லிவிடுகிறேன். அது இங்கே சட்டப்படி அனுமதிக்கப்பட்ட விருந்தாளி. எஞ்சிய கரைப்பான்களுக்கான பன்னாட்டு வழிகாட்டுதலில் டிஎம்எஃப்புக்கு 880 பிபிஎம் வரை இடமுண்டு. உங்கள் என்டிஎம்ஏ வரம்பு 0.038. ஒன்று மற்றொன்றைவிட 23,000 மடங்குக்கும் மேல். டிஎம்எஃப் தன் வரம்பில் நூறில் ஒரு பங்காக, 8.8 பிபிஎம் மட்டுமே இருந்தாலும், அதில் 0.37 விழுக்காடு என்பது 0.033 பிபிஎம். இரண்டும் ஒரே திறனுடன் அயனியாகின்றன என்று வைத்துக்கொண்டால், என்டிஎம்ஏ துளியும் இல்லாத மருந்துகூட வரம்பின் விளிம்பில் நிற்பதுபோல் தோன்றிவிடும். கரைப்பான் பகுப்பாய்வு அறிக்கையில் 'தேர்ச்சி' என்று எழுதியிருப்பதைப் பார்த்து நிம்மதி அடைய முடியாது.

அதற்காக டிஎம்எஃப்பை வெறும் குறுக்கீடு என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம். 2018-இல் வால்சார்டன் என்ற இரத்த அழுத்த மாத்திரைகள் திரும்பப் பெறப்பட்டபோது அடியில் இருந்ததும் இதே கரைப்பான்தான். டெட்ரசோல் வளையத்தை உருவாக்கும் படியில் டிஎம்எஃப் பயன்பட்டது, எஞ்சிய அசைடை அழிக்க சோடியம் நைட்ரைட்டு சேர்க்கப்பட்டது. டிஎம்எஃப் சிறிதளவு சிதைந்து தரும் டைமெத்தில்அமீனும் நைட்ரைட்டும் சேர்ந்தால் என்டிஎம்ஏ. மெட்ஃபார்மினுக்கோ டைமெத்தில்அமீனே தொடக்கப் பொருள். ஆகவே உங்கள் மாதிரியில் உண்மையான என்டிஎம்ஏவும் இருக்கலாம், அதன் நிழலும் இருக்கலாம்.

நுண்ணளவு

மேலே துலாக்கோல் எழுதிய ஒரு சொற்றொடரில் நான் நின்றுவிட்டேன்: "மீட்பு விகிதமும் 97 விழுக்காடு." இந்த எண் தரும் தைரியத்தை நாம் அனைவரும் ஒருமுறை கேள்விக்கு உட்படுத்த வேண்டும்.

மீட்பு விகிதத்தைக் காணத் தெரிந்த அளவு என்டிஎம்ஏவை மாதிரியில் சேர்க்கிறோம், சேர்க்கும் முன்பும் பின்பும் அளக்கிறோம், வித்தியாசத்தை எடுக்கிறோம். டிஎம்எஃப் தரும் பொய்க் குறிப்பு இரண்டு அளவீடுகளிலும் ஒரே அளவில் இருப்பதால், கழிக்கும்போது அது தானாகவே மறைந்துவிடுகிறது. கோட்டின் சாய்வு சரியாக இருக்கிறது, கோடு தொடங்கும் இடம்தான் தவறு. மீட்பு விகிதம் சாய்வைப் பற்றி மட்டுமே பேசும். டியூட்டீரியம் ஏற்றிய உள்நியமமும் அப்படியே. பிரித்தெடுக்கும்போது ஏற்படும் இழப்பையும், அயனியாவதில் ஏற்படும் தடையையும் அது ஈடுசெய்யும். ஆனால் 75-இல் வந்து ஏறிக்கொள்ளும் வேறொரு பொருளை 81-இல் நிற்கும் அது எப்படி அறியும்? செய்முறையைச் சரிபார்க்கும் ஆவணத்தில் இவ்விரண்டும் அழகாக அமைந்துவிடுவதால்தான், தேடும் பொருளை மட்டுமே அளக்கிறோமா என்று காட்டும் பகுதியை ஒரு வெற்றுக் கரைசலோடு பலர் முடித்துக்கொள்கிறார்கள். மெட்ஃபார்மின் இல்லாத, டிஎம்எஃப் மட்டும் 880 பிபிஎம் அளவுக்கு ஈடாகச் சேர்த்த கரைசல் ஒன்றை ஓட்டி, என்டிஎம்ஏ இடத்தில் என்ன தெரிகிறது என்று பார்ப்பது அந்த ஆவணத்தின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

படிகநீர்

நுண்ணளவு சொன்னது இந்த இழையிலேயே மிக முக்கியமான செய்தி. இதற்கு முன்னுதாரணம் உண்டு. 2020 தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு தனியார் ஆய்வகம் 38 மெட்ஃபார்மின் மாதிரிகளை உயர் பகுதிறன் கருவியில் அளந்து, 16-இல் என்டிஎம்ஏ வரம்பை மீறியதாக அறிவித்தது. அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் ஆய்வகம் அவற்றை மீண்டும் அளந்தபோது 8 மட்டுமே மீறின. மிகை அளவுக்குக் காரணம் உடன்வெளிவந்த டிஎம்எஃப் என்றும், நிறைத் துல்லியமும் தரவைப் படிக்கும்போது வைக்கும் விலகல் சாளரமும் சரியாக அமைய வேண்டும் என்றும் அவர்கள் விரிவாக எழுதினார்கள். கருவியின் தரம் குறைவு என்பது அங்கே பிரச்சினையே அல்ல. அதே ஆண்டு மே மாத இறுதியில் சில நிறுவனங்களின் நீடித்து வெளியிடும் மெட்ஃபார்மின் மாத்திரைகள் உண்மையாகவே திரும்பப் பெறப்பட்டன என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். பாதி பொய்யாக இருந்ததால் மீதியும் பொய்யாகிவிடவில்லை.

வடிகட்டி

அளவுத்திருத்தம் என்று நான் அவசரப்பட்டு எழுதியது தவறு, நன்றி. ஆனால் என் கவலை இப்போது கூடிவிட்டது. எங்கள் கியூ-டாஃப்பில் 75 என்ற சிறிய நிறையில் பகுதிறன் 12,000-ஐத் தாண்டுவதில்லை. கார்பன்-13 டிஎம்எஃப்பைப் பிரிக்கவே சுமார் 9,300 வேண்டும், நைட்ரஜன்-15 டிஎம்எஃப் எங்களுக்குக் கனவிலும் பிரியாது. மூன்று நான்முனை அமைப்பு என்ற குறைந்த பகுதிறன் கருவி வைத்திருக்கும் ஆய்வகங்களுக்கு ஒரு முழு அலகைவிட நுண்ணிய வேறுபாடு எதுவுமே தெரியாது. எங்களைப் போன்றவர்கள் இந்த அளவீட்டைத் தொடவே கூடாதா?

படிகநீர்

தொடலாம் அம்மா. நிறையால் பிரிக்க முடியாததை நேரத்தால் பிரிக்க வேண்டும், அவ்வளவுதான். தொடக்கத்தில் கரிமக் கரைப்பானைக் குறைவாக வைத்து, நீரைக் கூடுதலாக வைத்து, கரைப்பான் சாய்வை, அதாவது கரிமக் கரைப்பானின் விகிதத்தை, மெதுவாக ஏற்றினால் என்டிஎம்ஏவும் டிஎம்எஃப்பும் விலகி வெளிவரும். 74.0600-ஐயும் 75.0553-ஐயும் ஒன்றன்மீது ஒன்றாக வரைந்து, இரண்டு முகடுகளுக்கும் இடையே கோடு அடித்தளத்தைத் தொட்டு மீள்கிறது என்று காட்டிவிட்டால், 12,000 பகுதிறன்கூடப் போதும்.

துணைச் சான்றாகச் சிதைவு அயனிகளும் உதவும். என்டிஎம்ஏ சிதைந்தால் 58.0525-உம் 43.0291-உம் வரும். டிஎம்எஃப் சிதைந்தால் 46.0651 வரும், நைட்ரஜன்-15 ஏறியதற்கு அது 47.062 ஆகும். சில ஆர்பிட்ராப் கருவிகள் 50-க்குக் கீழே பார்ப்பதில்லை என்பதால் 43-ஐ எல்லோராலும் பயன்படுத்த முடியாது. உங்கள் கியூ-டாஃப் அதைப் பார்க்கும், இந்த ஓர் இடத்தில் உங்கள் கை ஓங்கியிருக்கிறது.

நுண்ணளவு

வாயு வண்ணப்பிரிகைக்கு மாறலாமே என்று யாராவது கேட்கும் முன் ஒரு குறிப்பு. அங்கே இவ்விரண்டும் எளிதாகப் பிரியும் என்பது உண்மை. ஆனால் 2019-இல் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்தான ரானிடிடினில் நடந்ததை மறக்க வேண்டாம். மாதிரியை 130 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கிய செய்முறையில் ரானிடிடின் மூலக்கூறே சிதைந்து என்டிஎம்ஏவை உருவாக்கியது, அதனால்தான் எஃப்டிஏ சூடாக்கத் தேவையில்லாத திரவ வண்ணப்பிரிகை முறையை முன்வைத்தது. ரானிடிடினிலும் உண்மையான மாசு இருந்தது, 2020 ஏப்ரலில் அது சந்தையிலிருந்தே விலக்கப்பட்டது. ஆனாலும் கருவிக்குள் பிறந்த மாசையும் மருந்துக்குள் பிறந்த மாசையும் ஒரே எண்ணாகச் சொல்வது அறிவியல் ஆகாது. மெட்ஃபார்மின் ஹைட்ரோகுளோரைடு டைகுளோரோமீத்தேனில் கரைவதில்லை. ஆகவே அதில் என்டிஎம்ஏவை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டு, மருந்தைச் சூடான நுழைவாயிலுக்குள் அனுப்பாமல் வாயு முறையைச் செய்ய வழி உண்டு. அந்த ஒழுங்கு இருந்தால் எனக்கு எதிர்ப்பில்லை.

மருந்தாளுநர்

நான் ஆய்வகத்தைச் சேர்ந்தவன் அல்லன், மருந்துக் கடையில் அமர்ந்திருப்பவன். இப்படிப்பட்ட செய்திகள் வெளிவரும் ஒவ்வொரு முறையும் நாற்பது ஐம்பது பேர் வந்து, "இந்த மாத்திரையை நிறுத்திவிடவா?" என்று கேட்கிறார்கள். என் அப்பாவும் பதினாறு ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். உங்கள் முகட்டின் நான்காவது தசம இடம் அந்தக் கேள்விக்கு என்ன விடை தருகிறது?

நுண்ணளவு

ஐயா, 96 நானோகிராம் என்ற எல்லை, எழுபது ஆண்டுகள் நாள்தோறும் உட்கொண்டாலும் இலட்சத்தில் ஒருவருக்குக் கூடுதலாகப் புற்றுநோய் வரலாம் என்ற அளவில் கணக்கிட்டு வைக்கப்பட்டது. சில வாரங்கள் அதைச் சற்றுத் தாண்டியதால் ஒருவருக்கு உடனடி ஆபத்து இல்லை. மருத்துவரிடம் கேட்காமல் நீரிழிவு மாத்திரையை நிறுத்துவதே உடனடி ஆபத்து, கட்டுப்பாட்டு அமைப்புகளும் அன்று இதையே அறிவுறுத்தின. உங்கள் அப்பா தொடரட்டும். நான்காவது தசம இடம் எங்களுக்கான கேள்வி: தவறாகக் கூடுதலாகச் சொன்னால் நல்ல மருந்து கடையிலிருந்து காணாமல்போகும், தவறாகக் குறைத்துச் சொன்னால் மாசுள்ள மருந்து உங்கள் கடைக்கு வந்து சேரும்.

துலாக்கோல்

ஒன்பது நாள்களுக்குப் பிறகு எழுதுகிறேன், பொறுத்தருள்க. படிகநீர் ஐயா சொன்ன இரண்டு சோதனைகளையும் முதலில் பழைய கோப்பிலேயே செய்தேன். 75.0634-இல் முகடு தெளிவாக எழுந்து நிற்கிறது. தொகுப்பு அ-வின் முகட்டில் நிறை முன் ஓரத்திலிருந்து பின் ஓரம் வரை நழுவிக்கொண்டே போகிறது. இத்தனை நாள் அது என் திரையிலேயே இருந்திருக்கிறது.

பிறகு பகுதிறனை 200-இல் 70,000 ஆக உயர்த்தினேன். 75-இல் அது 1,14,000-க்கு மேல். ஒவ்வோர் அளவீட்டுக்கும் 64-க்குப் பதில் 256 மில்லிநொடி பிடிக்கிறது. என் முகடுகள் 6 நொடி அகலம் உடையவை என்பதால் ஒரு முகட்டுக்கு இருபதுக்கும் மேற்பட்ட புள்ளிகள் கிடைக்கின்றன, அளவிடுவதற்கு அது தாராளம். கரைப்பான் சாய்வையும் மெதுவாக்கி, டிஎம்எஃப்பை முழுவதுமாகத் தள்ளிவைத்தேன். விலகல் சாளரத்தை 5 பிபிஎம்மாகச் சுருக்கினேன். டிஎம்எஃப் மட்டும் 880 பிபிஎம்முக்கு ஈடாக உள்ள கரைசலை ஓட்டியபோது என்டிஎம்ஏ வெளிவரும் நேரத்தில் அடித்தளக் கோடு தட்டையாகவே இருந்தது.

தொகுப்பு அ 0.040 பிபிஎம். ஐயா கணக்கிட்ட 0.041-க்கு அருகில் வந்ததைப் பார்த்து மகிழ்ந்தேன். ஆனால் அது இன்னும் வரம்புக்கு மேலேதான். தொகுப்பு ஆ-வில் மாற்றமில்லை.

தொகுப்பு இ-யில் நான் எதிர்பாராதது காத்திருந்தது. முன்பு 'கண்டறியப்படவில்லை' என்று எழுதியிருந்த அதில் 0.044 பிபிஎம் என்டிஎம்ஏ இருக்கிறது, அ-வைவிடக் கூடுதல். பழைய கோப்பைத் திறந்து சாளரத்தை 30 பிபிஎம் வரை அகலமாக்கிப் பார்த்தேன். 75.0565-இல், 15 பிபிஎம்முக்கும் சற்று மேல் விலகி, பெரிய முகடு ஒன்று நிற்கிறது. அந்தத் தொகுப்பில் டிஎம்எஃப் அதிகம். அது மேட்டின் நடுப்புள்ளியை என் 10 பிபிஎம் சாளரத்துக்கு வெளியே இழுத்துச் சென்றுவிட்டதால், மென்பொருள் உண்மையான என்டிஎம்ஏவையும் சேர்த்தே தள்ளிவிட்டிருக்கிறது. குறுக்கீடு அளவைக் கூட்டிக் காட்டும் என்று மட்டுமே நான் எண்ணியிருந்தேன்.

படிகநீர்

நானும் முதல் பதிலில் கூடுதலாகக் காட்டும் பக்கத்தை மட்டுமே எழுதினேன், மறுபக்கத்தை எழுதியிருக்க வேண்டும். சாளரத்தைச் சுருக்குவது பகுதிறன் போதுமான அளவு இருக்கும்போது மட்டுமே பாதுகாப்பு. பிரியாத முகட்டின்மீது சுருக்கினால் அது உண்மையை வெட்டி எறிந்துவிடும். முன்பு அளந்த தொகுப்புகளின் கோப்புகள் எந்த வடிவில் உள்ளன? முகட்டின் முழு உருவத்தோடு சேமித்திருக்கிறீர்களா, நடுப்புள்ளி எண்களை மட்டும் சேமித்திருக்கிறீர்களா?

துலாக்கோல்

நடுப்புள்ளி எண்களை மட்டும்தான். வட்டில் இடம் மிச்சப்படுத்த அப்படி அமைத்திருக்கிறார்கள், முகட்டின் உருவத்தை இனி மீட்க முடியாது.

படிகநீர்

அப்படியானால் பழைய கோப்புகளில் 75.0553 முதல் 75.0575 வரை எங்கேனும் முகடு இருக்கிறதா என்று மட்டும் தேடுங்கள். அளவைக் கணக்கிட அவை உதவா, ஆனால் எந்தத் தொகுப்பை முதலில் மீண்டும் அளக்க வேண்டும் என்ற வரிசையை அவை சொல்லும். அதிக விலகலுடன் 'கண்டறியப்படவில்லை' என்று போனவற்றை வரிசையின் தலையில் வையுங்கள். இருப்பு மாதிரிகள் உங்களிடம் இருக்குமே?

துலாக்கோல்

இருக்கின்றன ஐயா. ஆய்வகத் தலைவரிடம் நேற்று எல்லாவற்றையும் எடுத்துரைத்தேன். தொகுப்பு இ-யின் அறிக்கையைத் திரும்பப் பெற்றுவிட்டோம், உற்பத்தியாளருக்கும் எழுத்து மூலம் தெரிவித்துவிட்டோம். நீங்கள் சொன்ன வரிசைப்படி தேடியதில் 41 தொகுப்புகளை மீண்டும் அளக்க வேண்டியிருக்கிறது. இன்று மாலை வரை 3 முடிந்தன, நான்காவது இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது.